பூ விழுந்தால் ஓகே

தேன்கூடு தொலைக்காட்சியில் இசையமைக்கச் சேர்ந்த முதல் நாள் காலையில் ராபினுக்கு ஒரு மஞ்சள் ஹெல்மெட்டும், முனையில் இரும்பு வைத்த பூட்ஸும், காதை அடைத்துக்கொள்ள இரண்டு ஆரஞ்சு நிறத் தக்கைகளும் வழங்கப்பட்டன. கீபோர்டு வழங்கப்படவில்லை. அதை அவனே கவரைப்பேட்டையிலிருந்து ஷேர் ஆட்டோவில் மடியில் வைத்துக்கொண்டு வந்திருந்தான்.

“இது எதுக்குக்கா?” என்று தக்கைகளைக் காட்டிக் கேட்டான். கேட்டில் காவலுக்கு நின்ற கங்கம்மா, புடவைக்கு மேலே காக்கிச் சட்டையை மாட்டியிருந்தார்.

“ஷெட்டுக்குள்ள போனா காதை அடைக்கணும். ரூலு.”

“உள்ள அவ்ளோ சத்தமா?”

“சத்தம் நின்னு பல வருசம் ஆவுது. ரூலு நிக்கல.”

விஷயம் இதுதான். கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையில் அந்த இடம் முன்பு கண்ணாடி பாட்டில் செய்யும் ஆலையாக இருந்தது. ஆலை மூடிக்கிடந்தபோது தேன்கூடு தொலைக்காட்சி அதை வாடகைக்கு எடுத்து, ‘கண்ணாடிப் பங்களா’ என்னும் பேய்த் தொடரை அங்கேயே எடுக்க ஆரம்பித்தது. ஒட்டடையும் துருவும் ஏற்கெனவே இருந்ததால் கலை இயக்குநருக்கு வேலை மிச்சம். ஆனால் கட்டடத்தின் உரிமம் இன்னும் ஆலை உரிமம்தான். ஆகவே உள்ளே போகிற யாராக இருந்தாலும் ஆலைத் தொழிலாளி. மேக்கப் போடுகிறவர் கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு பவுடர் அடித்தார். பேயாக நடித்த பெண் வெள்ளைப் புடவைக்குக் கீழே இரும்பு பூட்ஸ் அணிந்திருந்ததால் கேமரா அவள் காலைக் காட்டவே இல்லை. பேய்க்குக் கால் கிடையாது என்பதை இத்தனை நுட்பமாக யாரும் எடுத்ததில்லை என்று ஒரு வார இதழ் பாராட்டி எழுதியது.

ஒலிப்பதிவு அறை, முன்பு ஆட்களின் வருகையைக் குறித்த பழைய டைம் ஆபீஸில் இருந்தது. அதற்குப் பின்சுவருக்கு அந்தப் பக்கம் விற்காமல் போன பாட்டில்கள் கூரை உயரத்துக்கு அடுக்கிக் கிடந்தன. பழவேற்காட்டுப் பக்கமிருந்து காற்று அடிக்கும்போது அத்தனை வாய்களும் சேர்ந்து ஊதும். முதல் தடவை கேட்டபோது ராபினுக்கு முதுகுத்தண்டில் எறும்பு ஏறியது. பாட்டில்கள்தான் என்று தெரிந்த பிறகும் அது இறங்கவில்லை.

அவன் இங்கே வந்து சேர்ந்ததற்குக் காரணம் சாத்தான். சபையில் நடந்த கிறிஸ்துமஸ் நாடகத்தில், சாத்தான் வரும் காட்சிக்கு அவன் வாசித்த இசையில் பாஸ்டரே ஒரு அடி பின்னால் போய்விட்டார். யாரோ அதை செல்போனில் எடுத்துப் போட, அது ஊர் ஊராகச் சுற்றி, தேன்கூடு தொலைக்காட்சியின் ஒலிப்பொறியாளர் காயத்ரியின் கைக்கு வந்தது. “இந்தப் பையன்கிட்ட பயம் இருக்கு,” என்று அவள் சிபாரிசு செய்தாள். உதிரிபாகக் கம்பெனியில் ஒப்பந்த வேலையை விட்டுவிட்டு ராபின் வந்துவிட்டான்.

வருவதற்கு முன்னால் அப்பாவிடம் ஒரு வாக்குக் கொடுத்திருந்தான். அதுதான் இந்தக் கதையில் உள்ள ஒரே கனமான பொருள்.

அவன் அப்பா தானியேல், ரோலிங் மில்லில் வாழ்நாள் முழுக்க உழைத்தவர். மில்லைக் கேட்டால் அப்படி ஒருவர் அங்கே வேலையே பார்க்கவில்லை என்று சொல்லும். அவர் சேர்ந்த காலத்தில் புது ஆட்களுக்குப் பெயர் பதிந்த டோக்கன் போடுவதில்லை. உலையருகே செத்துப்போன சாமிக்கண்ணு என்பவருடைய டோக்கன் சும்மா ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. ஒப்பந்தக்காரர் அதை எடுத்து தானியேல் கையில் கொடுத்து, சாமிக்கண்ணு என்று கூப்பிட்டால் திரும்பிப் பார் என்றார். தானியேல் அந்தப் பெயருக்குத் திரும்பிப் பார்த்துக்கொண்டே இருந்தார், காது முழுதாகப் போய் யார் கூப்பிட்டாலும் கேட்காது என்று ஆகும்வரை. காதுக்காக நிர்வாகத்திடம் மனுக் கொடுத்தபோது பதில் ஒழுங்காக வந்தது. காது போனது சாமிக்கண்ணுவுக்கு. சாமிக்கண்ணு இறந்துவிட்டார். இறந்தவருக்குக் காது கேட்காமல் இருப்பதில் மில்லின் தவறு ஏதும் இல்லை.

தக்கைகளை முதல் நாள் காதில் திணித்தபோது ராபினுக்கு இந்த ஞாபகம்தான் வந்தது. மில்லில் தராததை, சத்தமே இல்லாத இடத்தில் வற்புறுத்தித் தருகிறார்கள்.

மகன் போடுகிற இசை எதையும் தானியேல் கேட்கப்போவதில்லை. ஆனால் படிக்கத் தெரியும். அதனால் ராபின் செல்போனில் பெரிய எழுத்தில் தட்டிக் காட்டினான்: ‘டிவில என் பேரு வரும் நைனா.’ தானியேல் அதை வாய்க்குள் ஒருமுறை வாசித்தார். அன்றிலிருந்து சாயங்காலமானால் டிவி முன்னால் உட்கார்ந்துவிடுவார். சபைப் பாடகர் குழுவின் பழைய ஸ்பீக்கர் பெட்டி ஒன்று அவர்கள் வீட்டில் கிடந்தது. ராபின் அதை டிவியோடு இணைத்திருந்தான். அந்தப் பெட்டியின்மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு, கடைசியில் பெயர்கள் எழுத்தாக ஓடுகிற வரைக்கும் கண் கொட்டாமல் பார்ப்பார்.

இசைப் பிரிவின் தலைவர் பார்த்திபன். அதற்கு முன்பு சோப்புத்தூள் விற்பனையில் இருந்தவர். முதல் நாளே ராபினை ஒலிப்பதிவு அறைக்கு அழைத்து, சுவரில் சந்தன மாலையோடு தொங்கிய பெரிய படத்தைக் காட்டினார். நரைத்த சுருட்டை முடியும் தடித்த கண்ணாடியுமாக ஒருவர் அதில் எதையோ கேட்டுப் பிடிக்காதவர்போலப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“நாதக்கடல் அப்பாவு ஐயா. நம்ம தொடருக்கு அவர்தான் மியூசிக். நீங்க அவருக்கு உதவி.”

ஐயா எப்போது வருவார் என்று ராபின் மரியாதையாகக் கேட்டான். மாலையை அவன் கவனிக்காமல் இல்லை. ஆனால் பெரிய இடங்களில் உயிரோடு இருப்பவர்களுக்கும் மாலை போடுவார்கள் என்று நினைத்தான்.

“காலமாயிட்டார். அதனால என்ன? டைட்டில்ல பேர் வருது, மக்கள் பார்க்கிறாங்க, கன்சிஸ்டன்சி இருக்கு. நான் வெளிப்படையாச் சொல்றேன் ராபின், உயிரோட இருக்கிற மியூசிக் டைரக்டரால நிறைய தொந்தரவு. அவருக்குன்னு ஒரு அபிப்பிராயம் இருக்கும். இந்த இடத்துல வயலின் வேணாம்பார். ஐயா காலமானப்புறம் ஒரு எபிசோடு லேட் ஆனதில்ல. ஒரு ஈகோ கிளாஷ் இல்ல. கலைஞன்னா இப்படி இருக்கணும்.”

“அப்ப நான் போடறது சார்?”

“ஐயா ஓகே பண்ணாத்தான் ஒளிபரப்பு.”

ஐயா ஓகே பண்ணும் முறையை ராபின் அந்த வாரமே பார்த்தான். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒப்புதல் குழு அந்தப் படத்தின் முன்னால் கூடும். எல்லோரும் ஹெல்மெட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொள்வார்கள். படத்தின் மேல்சட்டத்தில் காயத்ரி ஒரு சாமந்திப் பூவைத் தண்ணீர் தொட்டு ஒட்டுவாள். பிறகு இசையை ஓடவிடுவார்கள். பூ வலப்பக்கம் விழுந்தால் ஓகே. இடப்பக்கம் விழுந்தால் திருத்தம். விழவே இல்லையென்றால் ஐயாவுக்குப் பிடிக்கவில்லை. அம்மன் கோயிலில் பெண் பார்க்கப் போகும்முன் பூ கேட்பார்களே, அதே முறை. இங்கே மட்டும் பார்த்திபன் நேரத்தைக் கணினியில் குறித்துக்கொண்டார். விழுந்த பூவை அவரே எடுத்துக் காதில் செருகிக்கொண்டு, “அப்ரூவ்டு,” என்பார்.

குழுவில் இருந்த யாரும் இசையைக் கேட்கவில்லை. காதில் தக்கை இருந்தது.

ராபின் முதலில் மனதோடு போட்டான். பேயாக வரும் பெண் அநியாயமாகச் செத்தவள் என்பதால், அவள் வரும்போதெல்லாம் ஒரு புல்லாங்குழல், பாதியில் மூச்சு வாங்குவதுபோல. பூ அசையவே இல்லை. அப்பாவு ஐயா கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தார். சாரங்கியை வைத்தான். அசையவில்லை. ராபின் இரவில் தான் போட்டதையே திரும்பத் திரும்ப ஓடவிட்டுக் கேட்டான். செத்த மனிதர் ஒருவருக்குத் தன்னைப் பிடிக்கவில்லை என்பது உயிரோடு இருப்பவர் திட்டுவதைவிட மோசமாக இருந்தது.

மூன்றாவது தடவையும் அசையாதபோது, காயத்ரி அவனைத் தனியாக அழைத்துப் போய்ச் சொன்னாள். ஸ்பீக்கர் இரண்டும் படம் தொங்குகிற அதே சுவரில் ஆணி அடித்து மாட்டியிருக்கின்றன. அடியில் போகிற கனத்த ஒலி கொடுத்தால் சுவர் அதிரும். சுவர் அதிர்ந்தால் பூ விழும். வலப்பக்க ஸ்பீக்கரில் கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்தால் வலப்பக்கம் விழும்.

“அப்ப ஐயா?”

“ஐயா பாவம், செத்துட்டார்,” என்றாள் காயத்ரி. “ஆனா இதை வெளிய சொல்லாத. உனக்கு முன்னாடி இருந்த பையன் வெளிய சொல்லித்தான் போனான்.”

“எங்க போனான்?”

அவள் கேபிளைச் சுருட்டினாள்.

அன்று முதல் ராபின் பூவுக்கு இசையமைத்தான். புல்லாங்குழல் போயிற்று. டொம் என்று ஒரு அடி, அதற்குக் கீழே இன்னொரு டொம். மாமியார் காப்பி டம்ளரை வைத்தால்கூட நிலநடுக்கம். பூ வலப்பக்கமாகப் பொத்தென்று விழுந்தது. பின்சுவருக்கு அப்பால் பாட்டில்கள் நடுங்கி ஊதின, யாரோ நிறையப் பேர் அந்தப் பக்கம் வரிசையில் நின்று பெருமூச்சு விடுவதைப்போல. பார்த்திபன் பூவைச் செருகிக்கொண்டு, ஐயாவுக்கு இப்போதுதான் உங்கள் கை பழகியிருக்கிறது என்றார். தொடரின் டிஆர்பி ஏறியது. ‘நாதக்கடலின் புதிய உச்சம்’ என்று அதே வார இதழ் எழுதியது.

வீட்டில் தானியேல் ஸ்பீக்கர் பெட்டியிலிருந்து கையை எடுக்காமல் திரும்பிப் பார்த்தார். காது கேளாதவர் என்பதால் அவர் பேசுவது தெருமுனை வரை போகும்.

“டேய், இப்பதான்டா எதுனா வருது. முன்னாடிலாம் செத்த பொட்டி மாதிரி இருந்துச்சி. இது நீ போட்டதா?”

ராபின் தலையாட்டினான்.

“நல்லாக்குது. அப்டியே மில்லுல இரும்பு பில்லட் உருட்ற மாதிரி கீது.” பிறகு எழுத்து ஓடியது. தானியேல் குனிந்து பார்த்தார். இசை: நாதக்கடல் அப்பாவு. கடைசி எழுத்து வரைக்கும் பார்த்துவிட்டு, பெட்டியிலிருந்து கையை எடுத்தார். “நாளைக்கி வருமா?”

நாளைக்கு வரும் என்று ராபின் சைகை காட்டினான். அவன் அம்மா மெர்சி உள்ளேயிருந்து, “பொய் சொல்லாதடா, அந்த ஆளு தெனமும் அதையே கேட்டுக்கினு கீறாரு,” என்றாள்.

பெயருக்காக அவன் சென்னைக்குப் போனான். சின்னத்திரை நாதக் கலைஞர் பேரமைப்பு கோடம்பாக்கத்தில் ஒரு மாடியில் இருந்தது. அதன் செயலாளர் அரசப்பன், சட்டைப்பையில் ஒரு சுதிக்குழலைச் செருகி வைத்திருந்தார். விதி எளிமையானது என்று அவர் விளக்கினார். திரையில் பெயர் போட அமைப்பின் அட்டை வேண்டும். அட்டை வேண்டுமென்றால் மூன்று தொடர்களிலாவது திரையில் பெயர் வந்திருக்க வேண்டும்.

அட்டை இல்லாமல் பெயர் எப்படி வரும் என்று ராபின் கேட்டான்.

“நல்ல கேள்வி. இந்தக் கேள்வியைக் கேட்டவங்க யாரும் உள்ள வரல. தம்பி, அமைப்புன்னா ஒரு கதவு. தொறந்தே கிடந்தா அதுக்குப் பேரு கதவா? வழி. நாங்க இளைஞர்களுக்கு எதிரி கிடையாது. போன மாசம்கூட இளைஞர்களை ஊக்குவிக்க ஒரு விழா எடுத்தோம். ஒரு இளைஞனும் வரல. அட்டை இல்லாம உள்ள விடமாட்டோமே.”

“வேற வழியே இல்லையாங்க?”

அரசப்பன் விதிப் புத்தகத்தைப் புரட்டி, ஒரு விதிவிலக்கு உண்டு என்றார். அமரர்களுக்கு அட்டை தேவையில்லை. அவர்களால் யாருக்கும் போட்டி வராது.

ராபின் அதை ஒரு நகைச்சுவையாக எடுத்துக்கொண்டு ரயிலேறினான்.

அடுத்த மாதம் இடி விழுந்தது. நாதக்கடல் அப்பாவு வேறு தொலைக்காட்சிக்குப் போய்விட்டார். அவர் குடும்பத்தார் எதிர்த் தரப்போடு ஒப்பந்தம் போட்டுக்கொண்டு, ஒரு வேனோடு வந்து படத்தைக் கழற்றிக்கொண்டு போனார்கள். சுவரில் செவ்வகமாக ஒரு வெள்ளைத் தடம் மட்டும் மிஞ்சியது. பார்த்திபன் அந்தத் தடத்தின் முன்னால் நின்றபடி கண்கலங்கினார்.

“செத்தவங்களுக்கே விசுவாசம் இல்லன்னா, இனி யாரைத்தான் நம்பறது?”

பிறகு திரும்பி ராபினைப் பார்த்தார். பார்வை அவன்மேல் நின்றது. சோப்புத்தூளுக்குப் புது உறை யோசிக்கிறவர் பார்வை.

இசை போடுவது நீங்கள்தான், ஆகவே உங்கள் பெயர் வருவதுதான் நியாயம் என்று தொடங்கினார். நியாயத்துக்கு அவர் என்றுமே குறுக்கே நின்றதில்லை. சிக்கல் அட்டைதான். ஆனால் விதிப்படி அமரர்களுக்கு அட்டை வேண்டாம். ஆகவே பெயருக்கு முன்னால் ஒரே ஒரு சொல். சின்ன எழுத்தில். யாரும் கவனிக்கமாட்டார்கள்.

“பேரு வருமா சார்?”

“உங்க முழுப் பேரு. தனி கார்டு. படத்தோட.”

ராபின் அன்று முழுக்க யோசித்தான் என்று சொல்ல ஆசைதான். யோசிக்கவில்லை. பெட்டிமேல் கையை வைத்துக்கொண்டு குனிந்து பார்க்கிற ஒரு முகம் கண்ணில் வந்தது. சரி என்றுவிட்டான்.

படம் எடுக்கும்போது சிரிக்க வேண்டாம் என்றார்கள். பிறகு, கொஞ்சம் சிரிக்கலாம், இளம் வயதில் போனவர் இல்லையா என்றார்கள். சந்தன மாலை போட்டார்கள். வெள்ளைத் தடத்தின்மேல் படம் கச்சிதமாகப் பொருந்தியது.

அடுத்த நாள் கேட்டில் கங்கம்மா அவனை நிறுத்தினார். “உன் பாஸ் கேன்சலு நைனா. ஆபீஸ்லருந்து வந்துக்குது. அமரர்க்கு கேட் பாஸ் கிடையாது.”

“அக்கா, நான் உங்க எதிர்லதான நிக்கிறேன்.”

“நிக்கறது தெரிது. பேப்பர்ல நிக்கலியே. பேஜாரு பண்ணாத, பின்னாடி செவுரு இடிஞ்சி கீது பாரு, பாட்டில் லாரி வந்த வழி, அப்டிக்கா பூந்து போ. நான் பாக்கல.” கொஞ்சம் தயங்கிவிட்டு, அவனுடைய ஹெல்மெட்டைத் திருப்பி வாங்கிக்கொண்டார். இறந்தவர்களுக்குப் பாதுகாப்பு உபகரணம் வழங்கும் விதி இல்லை.

அன்றிலிருந்து ராபின் பின்சுவர் ஓட்டை வழியாக, பாட்டில் குவியல்களுக்கு நடுவே நுழைந்து வேலைக்கு வந்தான். அவன் நடக்கிற காற்றுக்கு ஏதாவது ஒரு பாட்டில் மெல்ல ஊதும். கேன்டீனில் அவன் தட்டு நின்றுவிட்டது. நேற்றுவரை தோளில் கைபோட்ட லைட்மேன், அவன் படத்தின் முன்னால் ஊதுவத்தி ஏற்றிவிட்டு, அவனைக் கடந்து போகும்போது கண்ணைத் தாழ்த்திக்கொண்டான். எதிரில் வருகிறவர்கள் விலகி வழிவிட்டார்கள், ஆனால் வணக்கம் சொல்லவில்லை. ஒருநாள் பகலில், காலியாக இருந்த செட்டின் பெரிய நிலைக்கண்ணாடிக்கு முன்னால் நின்று தன் கன்னத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான். வெள்ளைப் புடவைப் பேய் பூட்ஸோடு உட்கார்ந்து இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். அவளுக்குக் கேட் பாஸ் இருந்தது.

பிறகு குழு கூடியது. புது அமரரின் படத்தில் காயத்ரி பூவை ஒட்டினாள். அமரர் கடைசி நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். டொம், டொம் என்று இசை ஓடியது. ஸ்பீக்கர் கிழிகிற அளவுக்குக் கொடுத்திருந்தான். சுவர் அதிர்ந்தது. பாட்டில்கள் அலறின. பூ விழவில்லை. படத்திலிருந்த ராபின் கொஞ்சமாகச் சிரித்தபடி அவனையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“அமரருக்குப் பிடிக்கல,” என்றார் பார்த்திபன்.

“சார், அமரர் நான்தான். எனக்குப் பிடிச்சிக்குது.”

“உங்க தனிப்பட்ட அபிப்பிராயம் இதுல வரக்கூடாது ராபின். மாத்திப் போடுங்க.”

ஆனால் அன்று சாயங்கால எபிசோடுக்கு முன்பே ஓகே ஆன இசை இருந்தது. புது டைட்டில் கார்டும் அன்றுதான். ராபின் வீட்டுக்கு ஓடினான். நைனாவைக் கிள்ளி, இன்னைக்கு வரும் என்று காட்டினான். தானியேல் சட்டை மாற்றிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். மெர்சியும் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.

எழுத்து ஓடியது. நின்றது. திரை முழுக்க ராபின், மாலையோடு. பக்கத்தில் ஒரு குத்துவிளக்கு அசைந்து எரிந்தது. இசை: அமரர் ராபின் தானியேல். சின்ன எழுத்து என்று சொன்ன சொல் பெயரைவிடப் பெரிதாக இருந்தது.

மெர்சி வாயைப் பொத்திக்கொண்டு, “இயேசப்பா,” என்றாள். தானியேல் முழுதாகப் படித்தார். தன் பெயரும் அதில் இருப்பதைப் பார்த்திருக்க வேண்டும், உதடு ஒருமுறை அசைந்தது. பிறகு பக்கத்தில் உட்கார்ந்திருந்த மகனின் கையைப் பிடித்து, மணிக்கட்டில் கட்டைவிரலை வைத்து, மில்லில் மயங்கி விழுந்தவர்களுக்குப் பார்ப்பதுபோல நாடி பார்த்தார். இருந்தது. கையை விட்டுவிட்டுப் போய்ப் படுத்துவிட்டார்.

மறுநாள் ராபின் ஓட்டை வழியாகப் போய்ப் பூவோடு போராடிக்கொண்டிருந்தபோது, தானியேல் பழைய மில் சகாக்கள் சிலரோடு தேன்கூடு தொலைக்காட்சியின் முன்வாசலுக்கு வந்து, கேட்டுக்கு நேராகத் தரையில் உட்கார்ந்தார். மடியில் மடித்த வெள்ளைத் துணி இருந்தது.

சிப்காட்டில் ஒரு பழக்கம் உண்டு. கம்பெனிக்குள் ஒருவர் செத்தால், வீட்டார் கேட்டில் வந்து உட்காருவார்கள். உடம்பு வெளியே வரும்வரை எழுந்திருக்க மாட்டார்கள். இதை யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுப்பதில்லை. டீக்கடைக்காரர் கேட்காமலே டீ அனுப்பினார். பக்கத்துக் கம்பெனிகளில் ஷிப்ட் விட்டு வந்தவர்கள் சாப்பாட்டுப் பையோடு பின்னால் உட்கார்ந்தார்கள். போலீஸ்காரர் ஒருவர் வண்டியை நிழலில் நிறுத்திவிட்டு வந்து நின்றார்.

“யாரு?”

“மீசிக் போட்ற பையனாம்.”

“கரண்டு அட்ச்சிருக்கும். பாவம், சின்ன வயசு.”

பார்த்திபன் வெளியே வந்தார். தானியேலுக்கு எதிரே குனிந்து, உருக்கமாகப் பேசினார். உங்கள் மகன் எங்கள் குடும்பத்தில் ஒருவர் என்றார். அமரத்துவம் எல்லோருக்கும் கிடைப்பதில்லை, அப்பாவு ஐயாவுக்கே அறுபது வயதுக்கு மேல்தான் கிடைத்தது, உங்கள் பையன் முதல் தொடரிலேயே வாங்கிவிட்டான் என்றார். உயிரோடு இருப்பது இந்தத் துறையில் ஒரு பெரிய தடை என்றார். உயிரோடு இருக்கிறார் என்று இப்போது சொன்னால் பேரமைப்பு தொடரை நிறுத்திவிடும், எத்தனை குடும்பங்களின் சோறு, நீங்களும் ஒரு தொழிலாளி, உங்களுக்குப் புரியும் என்றார். சோப்புத்தூள் காலத்திலிருந்து கற்ற எல்லாவற்றையும் அந்தப் பேச்சில் வைத்தார். பின்னால் இருந்தவர்களில் ஒருவர் லேசாகக் கண்ணைத் துடைத்துக்கொண்டதாகவும் சொல்கிறார்கள்.

தானியேல் அவர் வாய் நிற்கும்வரை மரியாதையாகப் பார்த்திருந்தார். நின்றதும் சொன்னார்:

“பாடி.”

“ஐயா, பாடின்னு ஒண்ணு இல்லங்க. நான் என்ன சொல்ல வர்றேன்னா...” மறுபடி முதலிலிருந்து சொன்னார்.

“பாடியக் குடு நைனா. நான் போறேன்.”

“அவருக்குக் காது கேக்காதுங்க சார்,” என்றார் கங்கம்மா. இதைப் பார்த்திபன் வேர்த்து முடித்த பிறகுதான் சொன்னார்.

போலீஸ்காரர் நோட்டை எடுத்தார். செத்தது உண்மையென்றால் எப்படி என்று எழுத வேண்டும், ஆலை ஆய்வாளருக்குச் சொல்ல வேண்டும். சாகவில்லையென்றால் டிவியில் போட்டது ஏன் என்று எழுத வேண்டும். எதை எழுதட்டும் சார் என்று கேட்டார். பார்த்திபன் உள்ளே போய்விட்டார்.

உள்ளே, டைம் ஆபீஸ் ஜன்னல் வழியாக ராபின் பார்த்துக்கொண்டிருந்தான். அப்பா கேட்டின் இரும்புக் கம்பியில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார், பெட்டிமேல் வைப்பதைப் போலவே, உள்ளேயிருந்து ஏதாவது வருகிறதா என்று.

“போனா திரும்ப வர முடியாது,” என்றான் காயத்ரியிடம். “பேரு வந்துச்சிங்க. ஒருநாள்தான் வந்துச்சி.”

காயத்ரி படத்தைக் காட்டினாள். பூ இன்னும் அப்படியே இருந்தது. “உன் படமே உன்ன ஓகே பண்ணல. போ ராபின். உடம்போட போ.”

போவதிலும் ஒரு சிக்கல் வந்தது. உள்ளே நுழைந்ததாகப் பதிவே இல்லாத ஒருவரை முன்வாசல் வழியாக எப்படி வெளியே விடுவது என்று கங்கம்மா கேட்டார். ஆட்கள் போகவர ஒரு சீட்டு, சரக்கு வெளியே போக ஒரு சீட்டு, இரண்டுதான் அங்கே உண்டு. பார்த்திபன் யோசித்து, சரக்குச் சீட்டைக் கொண்டுவரச் சொன்னார். பாட்டில் காலத்துச் சீட்டு. பொருள்: உடல். எண்ணிக்கை: ஒன்று. நிலை: உடையவில்லை. திரும்பி வருமா: வராது.

போலீஸ்காரர் அதை வாங்கிப் படித்துவிட்டு, இது சரியாக இருக்கிறது என்று நோட்டை மூடினார்.

பெற்றுக்கொண்டவர் கையெழுத்து என்ற இடத்தில் பார்த்திபன் விரலை வைத்தார். தானியேல் பேனாவை வாங்கினார். அந்தத் தொழிற்பேட்டையில் அவர் போட்ட கையெழுத்துகளுக்குக் கணக்கில்லை, எல்லாம் சாமிக்கண்ணு. பேனா முனை காகிதத்தைத் தொட்டுக் கொஞ்ச நேரம் நின்றது. பிறகு, ஒவ்வொரு எழுத்தாக, தானியேல் என்று எழுதினார். எழுதிவிட்டு, காய்வதற்காக ஊதினார்.

கேட் திறந்தது. ராபின் கீபோர்டைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தான். உட்கார்ந்திருந்தவர்கள் பழக்கத்தில் எழுந்து நின்றார்கள். தானியேல் வெள்ளைத் துணியை உதறி, வெயிலுக்கு மகன் தலையில் போட்டார்.

அதன் பிறகு ராபின் வேலை கேட்டுப் பல தயாரிப்பு நிறுவனங்களுக்குப் போய் வாசித்துக் காட்டினான். எல்லோரும் பொறுமையாகக் கேட்டார்கள். நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் எங்களுக்கு அமரர் ராபின் மாதிரி வேண்டும் என்றார்கள். ஒருவர் தோளில் தட்டி, அந்தக் கையெல்லாம் வராது தம்பி, மனசைத் தளரவிடாதீங்க என்று ஆறுதல் சொன்னார். இப்போது ஒரு குறும்படத்துக்குப் புல்லாங்குழலை வைத்துப் போட்டுக்கொண்டிருக்கிறான். அதில் பெயர் போடுவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.

‘கண்ணாடிப் பங்களா’ இன்னும் ஓடுகிறது. சாயங்காலமானால் தானியேல் பெட்டிமேல் கையை வைத்துக்கொண்டு உட்காருகிறார். ராபின் பக்கத்தில் உட்கார்ந்து சோறு சாப்பிடுகிறான். எழுத்து ஓடுகிறது. மாலை, விளக்கு, கொஞ்சம் சிரிப்பு. இசை: அமரர் ராபின் தானியேல்.

நேற்று வந்தது ராபின் போட்டது அல்ல. முதலில் பயந்து பயந்து ஒரு வீணை வந்தது. அது சட்டென்று நின்றது. பிறகு டொம் என்று ஒரு அடி, அதற்குக் கீழே இன்னொரு டொம், வலப்பக்கம் கொஞ்சம் கூடுதலாக. யாரோ ஒரு பையனுக்குக் காயத்ரி சுவரைப் பற்றிச் சொல்லியிருக்கிறாள்.

ராபின் கையில் பிசைந்த சோறு அப்படியே நின்றது. செல்போனை எடுத்துப் பெரிய எழுத்தில் தட்டிக் காட்டினான்: ‘இது நான் இல்ல நைனா. புதுசா யாரோ.’

தானியேல் படித்தார். திரையில் மகன் பெயரைப் பார்த்தார். பக்கத்தில் மகனைப் பார்த்தார். பெட்டியிலிருந்து கையை எடுக்கவில்லை. தெருமுனை வரை கேட்கிற குரலில்தான் அவருக்குப் பேசவரும். ஆனாலும் முடிந்தவரை மெதுவாகச் சொன்னார்:

“யாரு பெத்த புள்ளையோ.”